பாதிக்குப் பாதி

1925இல் ரப்பர் விலை ஏறத் தொடங்கியதிலிருந்து பேச்சியம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மலாயாவில் சிகாமட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் அவளும் புருஷன் ஐயாசாமியும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் இறக்கினார்கள். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை புது மோட்டார் வாங்கினார். பங்களாவுக்குப் பின்னால் டென்னிஸ் ஆட இடம் திருத்தினார்கள். அதற்கு மண் சுமந்த பெண்களில் பேச்சியம்மாளும் ஒருத்தி. சம்பளம் மட்டும் பழைய சம்பளம். தோட்டக் கடையில் அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ராஜசேகரன் பொல்லாதவர் அல்ல. சம்பள நாளில் அவள் வாய்விட்டுக் கேட்டபோது நிதானமாகவே விளக்கினார். ஜொகூர் மாநிலம் இப்படியொரு வருமானத்தைக் கண்டதே இல்லையாம். புது ரோடு, புதுக் கட்டடம் என்று எங்கும் வேலை நடக்கிறதாம்.

"நாடு சம்பாதிச்சா எல்லாருக்கும் வந்து சேரும். கொஞ்சம் பொறுத்துக்கோ."

"எந்த வழியா வரும்னு சொல்லுங்க ஐயா. நான் அங்க போய் நிக்கிறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ராஜசேகரன் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அந்த மாதமே, தோட்டத்தை விட்டுப் போயிருந்த செல்லத்தைச் சந்தையில் பார்த்தாள். ஆற்றுக்கு அக்கரையில் லிம் என்ற சீனரின் சின்ன ரப்பர் நிலத்தில் செல்லம் மரம் வெட்டினாள். அங்கே சம்பளம் கிடையாது, பாகி டுவா. வெட்டுகிற பாலில் பாதி லிம்முக்கு, பாதி வெட்டுகிறவருக்கு.

வீட்டுக்கு வந்ததும் பேச்சியம்மாள் அதையே பேசினாள். சமைக்கும்போதும் பேசினாள், விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் வழியிலும் பேசினாள். ஐயாசாமிக்குப் பயம். தோட்டம் என்றால் மாதமானால் கையில் காசு, தலைக்கு மேல் கூரை.

"விலை விழுந்தா என்னா செய்வே?" என்றான்.

"விழுந்தா லிம்முக்கும் விழும்ல. இங்க ஏறுனது மட்டும் நமக்கு ஏறலியே."

அவன் வரவில்லை. கிராணியிடம் முறைப்படி சொல்லிவிட்டு அவள் மட்டும் போனாள்.

லிம்மின் நிலத்தில் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளை அவள் கண்முன்னேதான் நிறுத்தார்கள். சரிபாதி தனக்கு என்பதை அவளால் நம்ப முடியவில்லை. முதல் சில வாரங்கள் தராசை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வருஷம் முடிவதற்குள் காதுக்குத் தோடு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை வந்த ஐயாசாமி தோட்டைப் பார்த்தான். சாப்பிட்டுவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அவள் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

பிறகு விலை சரிந்தது. பாதி பாதியாகவே இருந்தது, ஆனால் எதில் பாதி? 1930 வந்தபோது லிம் தன் சைக்கிளையும் விற்றிருந்தார். அவர் மனைவியும் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்கு வந்தாள். லிம் வாடகை கேட்காமல், நிலத்தை ஒட்டிய சரிவில் பேச்சியம்மாளை மரவள்ளிக்கிழங்கு போட்டுக்கொள்ளச் சொன்னார்.

ஏறும்போது எட்டிப் பார்க்காத விலை, இறங்கும்போது நேராகத் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களுக்குள் நுழைந்தது. முதலில் சம்பளத்தைக் குறைத்தார்கள். பிறகு ஆட்களைக் குறைத்தார்கள். வேலை போனவர்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றினார்கள். துரை பங்களாவில்தான் இருந்தார்.

ஐயாசாமி மூட்டையோடு அவள் வாசலில் வந்து நின்றான். "கப்பலுக்குச் சீட்டு குடுத்துட்டாங்க. உனக்கும் கேட்டா தருவாங்க. வா, போயிடலாம்."

சொந்த ஊரில் குத்தகைக்குக்கூட ஒரு துண்டு நிலம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவள் வரமாட்டேன் என்றாள். ஆனாலும் துறைமுகத்துக்கு ரயில் ஏறும் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே நடந்தாள்.

பிளாட்பாரம் முழுக்கத் தோட்டத்து ஜனம். ரயில் வந்தது. எல்லாரும் முண்டியடித்து ஏறினார்கள். ஐயாசாமி மூட்டையைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான்.

"நீ இல்லாம அங்க போய் யார்கிட்ட என்னான்னு சொல்றது?" என்றான்.

அவள் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். ரயில் போய்விட்டது.

மறுநாள் அவன் சரிவில் கோபத்தோடு மண்ணைக் கொத்தினான். இவ்வளவும் இவளால்தான் என்று முணுமுணுத்தான். அவள் காதில் வாங்கவில்லை. சரிவுக்கு மேலே புதர் மண்டிக் கிடந்த துண்டையும் கேட்டால் லிம் தருவாரா என்று யோசித்தபடி, நட வேண்டிய மரவள்ளிக் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு ஏறத் தொடங்கினாள்.