அடுப்படித் தண்டனை

குடியை விட நினைப்பவர்கள் கூடும் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. வாரத்தில் யாராவது மறுபடி குடித்துவிட்டால், அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் அவர்தான் டீ போட வேண்டும். திட்டு கிடையாது, அறிவுரை கிடையாது. மூலையில் இருக்கும் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் கெட்டிலைத் தூக்கி வைத்தால் கணக்கு தீர்ந்தது. இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவள் நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு. இப்போது அதைச் சொல்லவே வாய் கூசுகிறது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அடுத்தவர் தப்பு செய்வதற்கு முன்பே அதை மிதித்துப் பழகியவளுக்கு வாய் மட்டும் சும்மா இருக்குமா? குடியை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது, சட்டாம்பிள்ளைத்தனத்தைத்தான் விடவில்லை. டயர் கடைக்கு மேலே உள்ள அறையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடுவோம். ரப்பர் வாசனை படியேறி எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். அறையைக் கொடுத்த டயர்க்காரரும் எங்களில் ஒருவர்தான். அவரைத் தவிர எல்லோரும் என்னை அக்கா என்பார்கள். அவர்களில் ஒருவனுக்கு மட்டும் நான் நிஜமாகவே அக்கா.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். கூட்டத்துக்கு அவனைக் காதைப் பிடித்து இழுத்து வராத குறைதான். வந்த புதிதில் அடிக்கடி அவன்தான் டீ போட்டான். "இந்த வாரமும் நம்ம மாஸ்டர்தானா?" என்று டயர்க்காரர் கேட்பார், எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். மாஸ்டர் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. சொந்தத் தம்பிக்குச் சலுகை காட்டினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று நான் அவனிடம் ஒரு பிடி அதிகமாகவே கறாராக இருந்தேன். அப்புறம் சில வாரங்கள், "நல்லாயிருக்கேன், தொடல" என்றான். நான் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் தாமதமாக வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாற்காலியை இழுத்த கை கிடுகிடுவென்று ஆடியது.

"என்னடா, கை இப்படி ஆடுது?"

"ஒண்ணுமில்லக்கா."

"குடிச்சியா?"

"இல்ல."

"என் முகத்தப் பாத்து சொல்லு."

"சத்தியமா குடிக்கலக்கா."

"பொய் சொல்றதுக்கு வேற ஆளப் பாரு. நானும் அந்த வழியா வந்தவதான். போ, அடுப்பப் பத்தவை."

டயர்க்காரர், "விடு தங்கச்சி, இன்னிக்கு நான் போடறேன்" என்று எழுந்தார். "நீங்க உட்காருங்கண்ணா, வழக்கம்னா வழக்கம்தான்" என்றேன். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். போய் அடுப்பைப் பற்றவைத்தான்.

தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது அவன் உடம்பு விறைத்தது. கெட்டிலோடு சாய்ந்தான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, கொதிக்கும் தண்ணீர் அவன் வலது கையெல்லாம் கொட்டியது. டயர்க்காரர் அடுப்பை அணைத்தார். அவனைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தேன். அது மட்டும் எனக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "கடைசியா எப்போ குடிச்சார்?" என்று கேட்டார்.

"இன்னிக்குத்தான்" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். "ரத்தத்துல துளிகூட இல்லீங்க. ஒரேயடியா நிறுத்தியிருக்கார். அதான் வலிப்பு. மருந்து குடுத்து, பக்கத்துல இருந்து பாத்துக்க வேண்டிய நேரம் இது. நடுக்கத்த யாரும் கவனிக்கலையா?"

"கவனிச்சேன்" என்றேன்.

ரொம்ப நாள் குடித்த உடம்பு, திடீரென்று தனியாக நிறுத்தக் கூடாது, கை நடுங்கினால், வேர்த்துக்கொட்டினால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும் என்று புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் மூச்சு விடாமல் ஒப்பிப்பவள் நான். அந்த நடுக்கமே என் கண்ணெதிரே வந்து நின்றபோது அதை அடுப்படிக்கு அனுப்பிவைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் அவன் கண் திறந்தான். வலது கையில் முழங்கை வரை கட்டு.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? தொடலன்னு சொன்னதெல்லாம் பொய்தான்க்கா. உண்மையச் சொன்னா டீ போடணும்." உதட்டை நனைத்துக்கொண்டான். "எல்லாரும் சிரிக்கிறப்போ அங்க நிக்க முடியலக்கா. ஒரு வாரமாவது நிஜமாவே குடிக்காம வந்து, உட்கார்ந்த இடத்துல டீ வாங்கிக் குடிக்கணும்னு தோணிச்சு. அதான் நிறுத்தினேன்."

நான் அவன் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நல்லா தூங்குடா" என்றுதான் வந்தது. அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். இவன் இனி அந்தப் படியேற மாட்டான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அங்கே வராவிட்டால் வேறு எங்கே போவான் என்பதும் தெரியும்.

வீடு திரும்பிய பிறகு அவன் கூட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

அடுத்த கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். டயர்க்காரர் வந்ததும் முகம் மாறினார்.

"என்ன தங்கச்சி, நீயா? குடிச்சிட்டியா?"

"இல்லண்ணா. அவன் குடிக்கலன்னு சொன்னப்போ நான் நம்பல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் வந்து உட்கார்ந்தபின் சொன்னேன்: "இனிமே இந்த வழக்கம் வேணாம். யாருக்காவது கை நடுங்கினா முதல்ல ஆஸ்பத்திரி. கேள்வியெல்லாம் அப்புறம்." எல்லோரும் தலையாட்டினார்கள். மாஸ்டர் என்ற பெயரை யாரும் எடுக்கவில்லை.

டம்ளர்களை நீட்டிக்கொண்டிருந்தபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி வந்து வாசலில் நின்றான். முதலில் அடுப்பைப் பார்த்தான், அப்புறம் என்னை. உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தான். டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக்கொண்டான். கை நடுங்கவில்லை. நான் பார்த்தேன்.

ஒரு வாய் குடித்தான். டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நேத்து குடிச்சேன்க்கா. ஆஸ்பத்திரில குடுத்த மாத்திரையச் சாப்பிட்டுக்கிட்டே குடிச்சிட்டேன். நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும். நீயும் வரியா?"

அவன் உண்மையைச் சொல்லி முடிப்பதற்குள் என் கை தானாக நீண்டு அடுப்பைக் காட்டியிருந்தது. பாதியில் மடக்கி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

"வரேன்டா" என்றேன்.

அவன் என் கை ஒளிந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்து டீயைக் குடித்து முடித்தான்.