தைலம்மாள் பாதியாக்கிய ஹார்மோன்

"மாத்திரை கெடையாது, ஊசி கெடையாது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அடுத்த மாசம் எம் மருமவ ரத்தத்துல ஹார்மோன் பாதியா எறங்குது பாருங்க!"

2009ஆம் வருஷம் தைலம்மாள் இப்படி அறிவித்தபோது மஞ்சக்குப்பத்தில் சிரிக்காதவர் இல்லை. கடலூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முப்பத்திரண்டு வருஷத்தில் தான் எடுத்த ரத்தத்தைத் தேக்கியிருந்தால் வீராணம் ஏரி உடைத்துக்கொண்டிருக்கும் என்பாள். அவள் சொல்வதில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டுக் கேட்பது தெருவின் வழக்கம். கணக்கு டீச்சரான மருமகள் வெண்மதி மட்டும் முழுசையும் தள்ளிவிடுவாள்.

அந்த வாரம் வெண்மதிக்கு வாதாடத் தெம்பில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம், இன்னும் குழந்தையில்லை. கணவன் செம்பியனின் பரிசோதனையில் குறையில்லை. சிதம்பரத்து டாக்டரம்மா இவளுக்கு மாதவிலக்கின் மூன்றாம் நாள் ரத்தம் பார்க்கச் சொன்னார். வந்த தாளில் எஸ்ட்ரடியால் என்ற ஹார்மோன் 96. பக்கத்தில் கறுப்பாக ஒரு நட்சத்திரம்.

"மூணாம் நாள்ல இது ஜாஸ்தி. கருமுட்டை குறையுதோன்னு சந்தேகமா இருக்கு. இன்னொரு மாசம் பார்த்துடலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வெண்மதி சீட்டையும் தாளையும் திருத்தாத விடைத்தாள் கட்டுக்குள் செருகிவிட்டாள்.

"திரும்பப் போகமாட்டேன் அத்தை. இதை ரெண்டாந்தரம் கேக்க எனக்குச் சக்தியில்ல."

தைலம்மாள் தாளை உருவி எடுத்தாள். எல்லாரும் எண்ணைப் பார்ப்பார்கள். அவள் முதலில் பார்ப்பது தேதியை.

"ஏம்மா, புதன்கிழமையா ஒனக்கு மூணாம் நாளு?"

"ஆமா."

"அப்ப, வெள்ளிக்கிழமை 'நான் வரக்கூடாது, நீங்க போயிட்டு வாங்க'ன்னு என்னைத் தனியா பாடலீஸ்வரர் கோயிலுக்கு அனுப்புனது யாரு? ஒங்க ஊரு கீரப்பாளையத்துலேர்ந்து வேற எவளாவது வந்திருந்தாளா?"

வெண்மதியின் முகம் சிவந்தது. "திங்கக்கிழமைதான தலைக்கு ஊத்திக்கிட்டேன்? அதுலேர்ந்துதான் எங்கம்மா எண்ணுவாங்க."

"சாமிக்கு அது சரி. டாக்டருக்கு, ரத்தம் பட்ட நாளே மொத நாளு. நீ குடுத்துட்டு வந்தது ஆறாம் நாள் ரத்தம்டி, கணக்கு டீச்சரே! அதுக்குள்ள முட்டை வளர ஆரம்பிச்சிருக்கும். அது வளர வளர இந்த ஹார்மோனும் ஏறும்."

"மூணு நாள்ல அவ்ளோ ஏறுமா? ரத்தமா, தக்காளி வெலையா?"

"ஏறும். சரியான நாள்ல பார்த்தா பாதியா நிக்கும். நிக்கலன்னா இனிமே ரத்தத்தப் பத்தி வாயத் தொறக்கமாட்டேன்."

மாமியார் வாய் மூடுவாள் என்ற ஆசையோ என்னவோ, வெண்மதி வரச் சம்மதித்தாள். சம்மதித்தாளே தவிர நம்பவில்லை. அடுத்த மாதம் முதல் நாள் காலையிலேயே "இன்னிக்கு அத்தை" என்று கதவோரம் நின்று சொன்னாள். மூன்றாம் நாள் விடிந்ததும் இருவரும் சிதம்பரம் பஸ்ஸில் இருந்தார்கள். வழியெல்லாம் வெண்மதி மாமியாரின் விரல்களை விடவேயில்லை. ஊசியை இன்னும் சாய்த்துப் பிடிக்கவேண்டும் என்று பரிசோதனைக் கூடத்தில் தைலம்மாள் நடத்திய சண்டை, அவள் சொல்வதை நம்பினால், நான்கு வீதிக்கும் கேட்டது.

சாயங்காலம் டாக்டரம்மா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தொண்ணூத்தாறு இருந்தது நாப்பத்தஞ்சா இருக்கே! எஃப்எஸ்ஹெச்னு இன்னொரு ஹார்மோன், அதுவும் அளவோட இருக்கு. இதை வச்சு மட்டும் குழந்தைக்கு உறுதி சொல்ல முடியாது. ஆனா போன மாசம் நான் பயந்த மாதிரி இல்ல. ஆமா, நடுவுல என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

தைலம்மாள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் மருமகளின் கண் நிறைந்திருப்பதைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

"மருந்தெல்லாம் இல்ல டாக்டர்" என்றாள் வெண்மதி, மூக்கை உறிஞ்சிச் சிரித்தபடி. "எங்கத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. பாதியாயிடுச்சு. நானே நம்பல... ஆனா நெசமாவே நடந்துச்சு."