பூவலிங்கத்துக்குப் போட்ட பொன்னாடை

வாயுவாகிவிட்ட பிறகும் அந்த வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளை பூவலிங்கம்தான். அதனால் தங்கை செண்பகவடிவைப் பெண் பார்க்க வந்த அன்று, அவனை, அடைத்துவைத்த பித்தளை உருளையோடு, கூடத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். மேலே ஏறி இறங்கும் மூடி. பேசினால் பித்தளை அதிர்ந்து வெளியே கேட்கும்.

பெண்ணின் அண்ணன்மேல் மாப்பிள்ளையின் தாய்மாமன் உட்கார்ந்து பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சூடாகிற அண்ணன் இருந்தால் சம்பந்தம் கிடையாது. பெரியப்பா மகனும் வாயுதான்; ஆனால் பருமன் மாறாதவன். மூடியைத் தாழ் போட்டுக்கொண்டு, வெயில் ஏற ஏறச் சூடும் அழுத்தமும் ஏறி விறைத்து நிற்பான். அவன் தங்கைகளை யாரும் கேட்டு வரவில்லை.

“எம் பையன் வெப்பநிலை மாறாதவன்,” என்றாள் அம்மா. “எம்புட்டு அமுக்கினாலும் சுடமாட்டான்.”

நிஜம்தான். மெல்ல அமுக்கினால், உள்ளே பிறக்கிற சூட்டைப் பித்தளை வழியாகச் சத்தமில்லாமல் வெளியே விட்டுவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தாய்மாமன் ஐயம்பெருமாள் கனத்த ஆள். மரியாதை தெரிந்தவர். உட்காருமுன் பையிலிருந்து கம்பளிப் பொன்னாடை ஒன்றை எடுத்து உருளையைச் சுற்றி இறுக்கிப் போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

 இனி பூவலிங்கத்தின் சூடு வெளியே போக வழியில்லை. எடுத்துவிடச் சொல்லலாம். போட்ட பொன்னாடையை எந்த முகத்தோடு எடுக்கச் சொல்வது? 

மாமா உட்கார்ந்தார். மூடி சரசரவென்று இறங்கியது.

“சுடுதே,” என்றார் மாமா.

“வெயிலா இருக்கும்,” என்றாள் அம்மா.

“கூடத்துக்குள்ளயா?”

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்தார். வேட்டியின் பின்பக்கம் சூட்டில் வட்டமாகப் பழுத்திருந்தது. யாரும் அதைப் பார்க்காததுபோல் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேசரியைத் தொடாமல் கிளம்பிவிட்டார்கள். பூவலிங்கத்துக்கு உயிரே போய்விட்டது. வெட்கத்தில் ஒடுங்க வேண்டும்போல் இருந்தது. பாரம் இறங்கிய மூடியோ மேலே போனது. அவன் எல்லோர் எதிரிலும் விரிந்தான்.

அவனுடைய சூட்டில் ஒரு பங்கை மாமா வேட்டியோடு கொண்டுபோய்விட்டார். விரிந்து முடித்தபோது முன்பைவிடக் குளிர்ந்திருந்தான்.

செண்பகவடிவு வந்து மூடியில் கை வைத்தாள். அழுதிருந்தாள்.

“அண்ணே, ஜில்லுன்னு கிடக்கியே.”

கட்டியிருந்த பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். அதைப் பொன்னாடைக்கு மேலே சுற்றி இடுக்கில்லாமல் செருகினாள்.

கூடத்துச் சூடு கொஞ்சம் உள்ளே வந்தால் போதும் அவனுக்கு. அதற்குச் சுற்றிய எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்.

“இப்ப பரவால்லையா அண்ணே?”

“கதகதப்பா இருக்கும்மா,” என்றான் பூவலிங்கம்.