ஒரு ஆள் பாரம்

எங்கள் லப்பைக்குடிக்காட்டில் சபராளி, அதாவது வளைகுடாவில் வேலை பார்க்கிறவர், லீவில் வந்து இறங்கினால் ஊரே இரண்டு கேள்விதான் கேட்கும். எப்ப வந்தீங்க, எப்ப போறீங்க. முதல் கேள்விக்குப் பதில் வருவதற்குள் இரண்டாவதும் வந்து நிற்கும். என் வீட்டுக்காரர் ரஹ்மத்துல்லா இந்தத் தடவை இரண்டாவது கேள்விக்கு மட்டும் நழுவினார். "பாப்பம்" என்றார். அந்த ஒரு வார்த்தை இரண்டு மாதமாக என்னைப் பாடாய்ப் படுத்தியது.

இருபதாம் தேதிக்குள் திரும்பிப் போகாவிட்டால் அவருடைய விசா செத்துவிடும். போனால் இன்னும் இரண்டு வருஷம். எங்கள் ஊர்ப் பெண்கள் கல்யாணத்தை வருஷத்தில் எண்ணுவதில்லை, லீவில் எண்ணுவோம். எனக்கு இது ஒன்பதாவது லீவு. மகள் இன்ஷாவும் திருச்சி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். இந்த மனுஷன் போகாமல் இருந்துவிட்டால் போதும் என்று ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ கேட்டேன். அவரிடம்தான் கேட்கவில்லை. பயணம் போகிறவரைத் தடுக்கக் கூடாது என்று மாமியார் முதல் லீவிலேயே சொல்லிவைத்தது. ஊரில் எல்லோரையும் வாயாலேயே ஓட்டுகிற மர்ஜியாவான எனக்கு இதில் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

அங்கே ஓட்டலுக்கு வரும் விருந்தாளிகளைக் கடற்கரை மணலில் ஏற்றிக்கொண்டு போவது அவர் வேலை. இங்கே வந்த மூன்றாம் நாளே நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கிவிட்டார். ரோடு இல்லாத கடலோரக் குப்பத்துக்கு மணலிலேயே போய், படகடியில் மீன் எடுத்து வந்து இங்கே விற்கலாமாம். அது நடந்தால் இருப்பார், நடக்காவிட்டால் பிளேன் ஏறிவிடுவார். எனக்கு அது புரிந்தது. ஆனால் மீனைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பேச்செல்லாம் சாக்கப்சர், வண்டிப் பாரத்தைத் தாங்குகிற கமான் பட்டை. வண்டியை மூன்று அங்குலம் தூக்கலாமா, தூக்கினால் சாயுமா, கேஸ் சாக்கப்சரா, ஆயில் சாக்கப்சரா. சோபா மெத்தையை அமுக்கி அமுக்கி எனக்குப் பாடம் நடத்தினார். உட்கார்ந்திருந்தாலும் வலது கால் ஆக்சிலேட்டர் மிதிப்பது போல ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் ஒன்றை முடிவு செய்வார், மறுநாள் மாற்றுவார். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. காலண்டர் தாளைக் கிழிக்கவே கை வரவில்லை.

கடைசியில் அரியலூரில் ஆண்டவர் அண்ணன் பட்டறைக்குப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன். சிமெண்ட் லோடு லாரிகளுக்குப் பட்டை சேர்த்துச் சேர்த்தே தலை நரைத்தவர் ஆண்டவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் வண்டியைக் கெட்டியாக்குவது. இவரோ இருக்கிற பட்டையில் இரண்டைக் கழற்றச் சொன்னார். மெத்தென்று இருந்தால்தான் மணலில் குதிக்காதாம். ஆண்டவர் தலையைச் சொறிந்தார்.

"பாய், கெட்டியா, மெத்துன்னாங்கறது அப்பறம். எந்நேரமும் வண்டியில இருக்கப்போற பாரம் எவ்ளோ? அதச் சொல்லுங்க. எத்தன ஆளு?"

"ஒரே ஆளுதான். ஐஸ் பெட்டி ரெண்டு. இருபதாம் தேதிக்குள்ள முடிஞ்சாவணும்ண்ணே."

நான் கையெட்டும் தூரத்தில் ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருஷம் தனியாகவே ஓட்டியவருக்கு வேறு பதில் வாயில் வரவில்லை, யோசிக்கக்கூட இல்லை. டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். அதையும் அவர் பார்க்கவில்லை.

பதினாறாம் தேதி வண்டி தயார். மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுததும் கிளம்பினார். நானும் வருவேன் என்று பிடிவாதமாக ஏறி உட்கார்ந்தேன், பெட்டியும் இரண்டுக்கு நாலாக ஏற்றவைத்தேன். வீம்புதான், மறைப்பானேன். மீன்சுருட்டி, அணைக்கரை தாண்டி சீர்காழிப் பக்கம் வரைக்கும் வண்டி தொட்டில் மாதிரி போனது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். குப்பத்து மணலில் இறங்கிப் படகடி வரை போய், நாலு பெட்டியிலும் ஐஸும் கிழங்கான் மீனும் நிரப்பிக்கொண்டு திரும்பி நூறு அடி வந்திருப்போம். பின்பக்கம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் புதைந்தது.

அவர் இறங்கி அடியில் குனிந்து பார்த்தார். கோபமில்லாமல், கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"பட்டைய கழட்டுனது என் ஒருத்தன் பாரத்துக்குப் புள்ள. ஒன்ன கணக்குல சேக்கல."

"பதினெட்டு வருஷமாவே சேக்கல" என்றேன். வாயிலிருந்த கொழுக்கட்டை விழுந்துவிட்டது. "போதும். இருபதாம் தேதி போவாதீங்க."

அவர் ஒவ்வொரு டயராகப் போய்க் மணலில் பிடிப்பு வரட்டும் என்று காற்றைக் கொஞ்சம் இறக்கினார். கையாலேயே மணலைப் பறித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது, நானும் பறித்தேன். குப்பத்து ஆட்கள் நாலு பேர் தள்ள, வண்டி மெல்ல ஏறி வந்தது. மீன் முழுவதும் சாயங்காலம் அசர் தொழுகைக்குள் விற்றுத் தீர்ந்தது. அப்போதும் இருபதாம் தேதிப் பேச்சை அவர் எடுக்கவில்லை. சொன்னது தப்போ, மாமியார் சொன்னதுதான் சரியோ என்று நான் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

மறுநாள் காலையில் "கெளம்பு" என்றார். நேரே ஆண்டவர் பட்டறை. நடந்ததைக் கேட்டு ஆண்டவர் சிரித்தார். பழைய பட்டையைத் திரும்பப் போட்டால் குதிக்கும், மெல்லிசாகப் புதுப் பட்டை நாமக்கல்லில் சொல்லித்தான் அடித்து வாங்க வேண்டும் என்றார். பிறகு அதே கேள்வியைக் கேட்டார், எத்தனை ஆள் என்று.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு ஆளு. பெட்டி நாலு."

"அதுக்கு இருபத்தஞ்சு, இருபத்தாறு தேதி ஆயிடுமே பாய். ஒங்களுக்கு இருபதுக்குள்ள வேணுமே?"

"அவசரமில்லண்ணே. மெதுவாவே பண்ணுங்க."

எனக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. அவர் கால் ஆடுவது நின்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆடட்டும். இங்கேயே இருந்து ஆடட்டும்.