நந்தியாவட்டைத் தழை

1994 ஜூலையில் பிரவீனாவின் கண்ணாடி ஜாடிகளில் நூற்றுப்பன்னிரண்டு புழுக்கள் இருந்தன. அரளி அந்துப்பூச்சியின் புழுக்கள். பச்சை உடம்பு, கழுத்தருகே கண் போன்ற நீலப்பொட்டு. கோவையில் அவள் படித்த கல்லூரி வாசலில் நின்ற நந்தியாவட்டைச் செடிகள்தான் அவற்றுக்குத் தீனி. இரண்டு வருட ஆராய்ச்சியில் இது நான்காம் தலைமுறை.

ஆனைமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திங்கள் காலை வந்தவள், தழை பறித்து ஜாடிகளில் போட்டாள். அரைமணி நேரத்தில் புழுக்கள் பச்சையாகக் கக்கின. உடம்பை முறுக்கி, குச்சியில் தலைகீழாகத் தொங்கின.

அவள் தோட்டக்காரர் மயில்சாமியிடம் ஓடினாள்.

"மருந்து அடிச்சுப்போட்டங்க அம்மணி, நேத்து. தாளாளரூட்டு அம்மா சேலைல புழு உழுந்துருச்சாமா. உங்க பெரிய சாருதான் அடிக்கச் சொன்னாருங்க."

பெரிய சார் என்பது துறைத்தலைவர் வரதராஜுலு, அவளுடைய வழிகாட்டி. அவள் திரும்பி வந்தபோது அவர் ஜாடிகளின் முன் உட்கார்ந்திருந்தார்.

"தழையை எடுத்துடலாங்க சார். கொஞ்சமாச்சும் பொழைக்கும்."

"தொடாதே. எத்தனை மணிக்கு எத்தனை சாகுதுன்னு எழுது."

"சார்..."

"காலையில நீ பறிக்கறப்ப ஜன்னல்ல பார்த்துட்டுத்தாம்மா இருந்தேன்."

"சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருந்தா இந்த டேட்டா கெடைக்குமா? உன் பழைய தலைப்பை யார் படிப்பா?"

அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. அவள் எழுதினாள். கடைசிப் புழு நாலேகாலுக்கு அடங்கியது. அவர் தாளை வாங்கிச் சரிபார்த்து, ஓர் இடத்தில் கூட்டல் தவறைத் திருத்தினார்.

மருந்து புழுக்களோடு பொறிவண்டுகளையும் குளவிகளையும் கொன்றிருந்தது. தின்ன ஆளில்லாததால் மாவுப்பூச்சி பெருகி, ஆகஸ்டில் செடிகள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்தன. மறுபடி மருந்தடிக்க உத்தரவானது.

"நல்லதாப் போச்சு," என்றார் வரதராஜுலு. "மூணு தடவை செஞ்சாத்தான் முடிவு நிக்கும்."

பிரவீனா உக்கடம் குளத்தோர அரளிகளில் முட்டை தேடி எடுத்துவந்து புழுவாக்கினாள். இம்முறை எண்பத்தாறு. மருந்தடித்த மறுநாள் காலை கத்தரிக்கோலோடு வாசலுக்குப் போனாள்.

"அதுல வெசமிருக்குதுங்க அம்மணி," என்றார் மயில்சாமி.

"தெரியுமுங்க," என்றவள் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, இளந்தழையாகப் பார்த்து வெட்டினாள். அதைத்தான் அவை விரும்பித் தின்னும்.