வலிமைகள், பக்கம் ஏழு

எங்கள் மாநகராட்சி அலுவலகத்தில் 'இல்லை' என்று எழுத மாட்டோம். அப்படி எழுதக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் மேலிடத்துக்குப் போகிற தாளில் அந்தச் சொல் இருந்தால், ஏன் இல்லை, யார் பொறுப்பு, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மூன்று கேள்விகளோடு அது திரும்பி வரும். அதற்குப் பதில் எழுதி அலுத்துப்போன எவனோ ஒரு புண்ணியவான் அந்தக் காலத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். குறையை எழுதாதே, அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பெருமையாக எழுது.

நான்கு நாளுக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வருகிறதா? 'நீர்ச் சிக்கனத்தில் முன்னோடி நகரம்.' தெருவிளக்கில் பாதி எரியவில்லையா? 'மின்சேமிப்பில் தொடர்ந்து முன்னேற்றம்.' பேருந்து நிலையத்துக்குக் கூரை கிடையாதா? 'காற்றோட்டமான திறந்தவெளிப் பேருந்து நிலையம்.' கடைசியாகச் சொன்னது என் கைவண்ணம். இருபத்தாறு வருடமாகச் செய்திப் பிரிவில் இதுதான் என் வேலை. அலுவலகத்தில் என் பெயரே 'மெருகு' என்று ஆகிவிட்டது. 'மெருகு சார், இதைக் கொஞ்சம் பாருங்க' என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து நிற்பார்கள். கேலிதான் என்று தெரியும். இருந்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமை. ஒளிப்பானேன், நிறையவே பெருமை.

போன வருடம் கமிஷனர் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்வதில்லை. அதனால் பெரிய வேலை என்று புரிந்துபோயிற்று.

"தலைநகரத்திலேர்ந்து கமிட்டி வருது. நம்மளோட சேர்த்து நாலு ஊருக்குப் போறாங்க. புதுசா வந்த கரன்ட் மெஷின் ஒண்ணு அங்க கிடங்குல பெட்டி பிரிக்காம இருக்கு. எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குன்னு இவங்கதான் முடிவு பண்ணப்போறாங்க. நம்ம ஊரோட வலிமை எல்லாத்தையும் ஒரு புத்தகமாப் போடணும்."

கரன்ட் மெஷின் என்றதும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சுகிற இயந்திரம் அது. நோயாளிகளும் வீட்டுக்காரர்களும் 'கரன்ட் வைக்கிறது' என்றுதான் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், ஏனென்றால் என் அக்காவுக்கு அப்போதுதான் மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

அக்கா கணக்கு டீச்சர். ஓய்வு பெற்று இரண்டு வருடம். அத்தான் போன பிறகு எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தாள். மூன்று மாதத்துக்குள் கரன்ட் வைக்க ஆரம்பித்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த மெஷின் ஒன்றே ஒன்று, வயது பதினாலு. ஆறு மாவட்டத்துக்கும் அதுதான். மாதத்துக்கு இரண்டு தடவை படுத்துக்கொள்ளும். அக்காவின் வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு. ஏழு மாதம் ஆகும் என்றார்கள். நாட்டில் வேறு இரண்டு ஊர்களில் மெஷின் உண்டு. அங்கேயும் வரிசை, அதிலும் வெளியூர்க்காரர்களுக்குக் கடைசி இடம்தான். புது மெஷின் வந்தால் ஆறே வாரத்தில் மாட்டிவிடலாம். அதற்கென்று ஒன்றரை மீட்டர் கனத்துக்குச் சுவர் எழுப்பிய அறை ஒன்று ஆறு வருடமாகக் காலியாகக் கிடந்தது. உடைந்த கட்டில்களை அதில் போட்டு வைத்திருந்தார்கள்.

ஆக, மெஷின் எங்கள் ஊருக்கு வந்தால் அக்காவுக்கு நேரத்துக்குச் சிகிச்சை. வராவிட்டால் கிடையாது. கணக்கு டீச்சர் தேவையில்லாத கணக்கு இது.

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அனுப்பிய குறிப்பில் எல்லாம் ஒளிவு மறைவில்லாமல் இருந்தது. அதற்கு முந்தின வருடம் மெஷின் முப்பத்தெட்டு நாள் ஓடவில்லை. வரிசையில் இருந்த பத்தொன்பது பேர் முறை வருவதற்குள் இறந்துபோனார்கள். அந்தக் குறிப்பை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தேன். வேறு யாராவது எழுதியிருந்தால் ஏனோதானோ என்று எழுதியிருப்பார்கள். அது என் அக்கா விஷயம். என் கையில் இருந்த வித்தை முழுவதையும் அந்த ஒரு பக்கத்தில் இறக்கினேன்.

'ஒரே இயந்திரம், ஆறு மாவட்டங்கள், ஓய்வறியாத சேவை. நாட்டிலேயே மிக அதிக நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் தனி இயந்திரம் எங்கள் நகரில் இயங்குகிறது. குறைந்த வசதியில் நிறைந்த பலன் என்பதை இங்கே கண்ணால் காணலாம். விரிவாக்கத்துக்கான அறை ஆயத்த நிலையில் உள்ளது.' முப்பத்தெட்டு நாள், 'முறையான பராமரிப்பு இடைவெளி' ஆயிற்று. பத்தொன்பது பேரை எப்படித் திருப்பிப் போடுவது என்று தெரியவில்லை. அந்த வரியை விட்டுவிட்டேன்.

அதுதான் புத்தகத்தின் ஏழாம் பக்கம். அச்சுக்குப் போகிற அன்றைக்கு அக்காவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி வரிவரியாகப் படித்தாள்.

"இவ்வளவு நல்லா நடக்குதுன்னா எனக்கு ஏன்டா இன்னும் நம்பர் வரல?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். "அக்கா, உனக்கு ஆபீஸ் விஷயம் புரியாது. அழறவனுக்கு எவனும் குடுக்க மாட்டான். ஒரு மெஷினை வெச்சே இவ்வளவு பண்றாங்கன்னா ரெண்டு குடுத்தா எவ்வளவு பண்ணுவாங்கன்னு அவங்க நினைக்கணும். அதுதான் சூட்சுமம்."

"என்னமோ போ. நீ பெரிய மெருகு." அவளுக்கும் அந்தப் பெயர் தெரியும்.

கமிட்டி வந்தது. ஏழு பேர். தலைவர் நல்ல மனுஷர், அதையும் சொல்லத்தான் வேண்டும். தூங்கவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை, புத்தகத்தை முன்கூட்டியே படித்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேயர் பேசினார், கமிஷனர் அம்மா பேசினார், நான் ஓரமாக நின்று ஸ்லைடு மாற்றினேன். ஏழாம் பக்கம் வந்ததும் தலைவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். என் வரியை வாய்விட்டு வாசித்தார். "குறைந்த வசதியில் நிறைந்த பலன்! பிரமாதம். போன ரெண்டு ஊர்லயும் ஒரே அழுகை. உங்களைப் பாத்ததும்தான் தெம்பா இருக்கு" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மெஷினே வந்து இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். 'பார்வையாளர் வரும் வழியில் நெரிசல் கூடாது' என்று இரண்டு நாள் முன்பே சுற்றறிக்கை போயிருந்தது. அதையும் எழுதியவன் நான்தான். வழக்கமாக அந்த நடையில் கால் வைக்க இடமிருக்காது. பெஞ்சிலும் தரையிலுமாக முறை கேட்டு வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு எல்லோரையும் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, தரையைக் கழுவி வைத்திருந்தார்கள். மெஷின்கூட அன்றைக்குப் பார்த்து ஒரு முனகல் இல்லாமல் ஓடியது.

தலைவர் அந்தக் காலி நடையில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"காத்திருக்கறவங்க யாரையும் காணோமே. ஒரே மெஷின்ல கஷ்டமா இல்லையா உங்களுக்கு?"

கமிஷனர் அம்மா கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார். விவரத் தாள் என் கையில் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. பத்தொன்பது இருந்தது. அக்கா இருந்தாள். அவர் உண்மையாகத்தான் கேட்டார், பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன்.

"சமாளிச்சுக்கறோம் சார்."

இருபத்தாறு வருடமாக மேலிடத்தில் இருந்து எந்தக் கேள்வி வந்தாலும் சொல்லிப் பழகிய பதில் அது. யோசித்துச் சொன்னது கிடையாது. தும்மல் வருகிற மாதிரி வந்தது. அவர் என் தோளைத் தட்டிவிட்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன், ஆனால் அதற்குள் அவரைச் சுற்றிப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். கார்க் கதவு சாத்துகிற வரைக்கும் கையைப் பிசைந்துகொண்டு நின்றதுதான் மிச்சம்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. எங்களுக்குக் கேடயம். 'வளங்களைத் திறம்படப் பயன்படுத்தும் மாதிரி நகரம்.' மெஷின் வேறு ஊருக்கு. அந்த ஊர்க்காரர்கள் புத்தகமே போடவில்லையாம். நாலு தாளில் எது எது இல்லை என்று மட்டும் எழுதி, வரிசையில் நின்ற நோயாளிகளையே கூட்டத்துக்கு அழைத்துவந்து முன் நாற்காலிகளில் உட்கார வைத்தார்களாம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கேயும் யாருக்காவது அக்கா இருப்பாள். ஆனால் கேடயத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் போட்டோ எடுத்தபோது, என்னையும் இழுத்து நடுவில் நிறுத்தினார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே கமிஷனர் அம்மா அறைக்குப் போனேன். இந்தத் தடவை நானாகவே உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், அக்காவைப் பற்றியும். அவர் கையில் இருந்த பேனாவை மூடி வைத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சரி, எழுதிட்டு வாங்க. உள்ளது உள்ளபடி எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். முப்பத்தெட்டு நாள், இருநூற்றுப் பன்னிரண்டு, பத்தொன்பது. இல்லை, போதவில்லை, முடியவில்லை. இந்தச் சொற்களை எழுத என் கை கூசியது. ஒரு பக்கக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. கமிஷனர் அம்மா சொன்னபடி கையெழுத்துப் போட்டார். அவருக்கு அது நல்லதில்லை என்று தெரிந்துதான் போட்டார்.

பதில் இரண்டே வரி. 'தங்கள் நகரம் ஏற்கெனவே அளித்த விவரங்களின் அடிப்படையில் முடிவு எடுக்கப்பட்டது. நகல் இணைக்கப்பட்டுள்ளது.' கீழே ஏழாம் பக்கத்தின் நகல். தலைவர் பென்சிலால் போட்ட கோடுகூட அதில் தெரிந்தது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதற்குச் சாட்சியாக அதைக் கோப்பில் வைத்து, வரிசை எண் போட்டு, அலமாரியில் அடுக்கினேன். வேறு என்ன செய்ய?

அக்காவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த அறையில கட்டிலை எல்லாம் எடுத்துட்டாங்களாடா?" என்று மட்டும் கேட்டாள். கமிட்டிக்காக எடுத்தார்கள், போன பிறகு திரும்பவும் போட்டுவிட்டார்கள் என்றேன். தலையாட்டினாள்.

அவள் முறை வருவதற்கு இன்னும் ஆறு வாரம் இருந்தபோது முதுகில் வலி ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்தார்கள். எலும்புக்குப் போய்விட்டது. இனி கரன்ட் வைத்தாலும் வலி குறையத்தான், குணமாக இல்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் வெளியே வந்ததுமே அக்கா என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை மாத்திரை மாற்றுவதற்காக அழைத்துப் போனேன். புது டாக்டர், இளவயசுப் பெண், எங்களை அதற்கு முன் பார்த்ததில்லை. மேசையில் குவிந்திருந்த சீட்டுகளில் இருந்து அக்காவுடையதை எடுத்தார்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சமாளிச்சுக்கறேன் டாக்டர்."

டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். பழைய மாத்திரையையே எழுதுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான்கு நாளாக அக்கா படுக்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் மாடியில் நடப்பது கீழே எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இல்ல டாக்டர்," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவளால முடியல. நாலு நாளாத் தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல. எங்களால சமாளிக்க முடியல."

அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். வேறு சீட்டை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

அவர் மாத்திரையைப் பற்றித்தான் கேட்டார். ஆமாம் டாக்டர் என்றேன்.