இரண்டாம் தியேட்டரின் திரை

குளிர்பெட்டியின் பிளக்கைப் பிரித்து, உள்ளே நழுவிக்கிடந்த கம்பியைச் சபரிநாதன் சாவிமுனையால் திருகிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து இது மூன்றாவது முறை. கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், "சபரி, பொட்டி ஓடலயாட்ட இருக்குது, வந்து பாரு" என்று கூப்பிட்டார்கள். மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் என்றால் சாவு வீட்டிலும் அதுதான் வேலை.

பெட்டிக்குள் அவன் அக்கா தேவிப்ரியா படுத்திருந்தாள். வயது நாற்பத்தொன்று. பித்தப்பையில் கல் என்று சேலத்துக்கு ஆபரேஷனுக்குப் போனவள். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது, வயிறு வீங்கியது. கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பதினோராம் நாள், நேற்று மதியம், முடிந்துபோனது. விடியும்போது ஆம்புலன்ஸ் புதுச்சத்திரத்துக்கு வந்து சேர்ந்தது.

பிளக்கைச் செருகினான். பெட்டி உறுமி ஓடத் தொடங்கியது.

"ஏஞ்சாமி," என்றார் பெரியப்பா செங்கோட்டையன், நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு. "நீ ஆசுபத்திரி மிசினுதான பாக்குற? கல்லெடுக்கறதுக்கெல்லாம் ஆரு சாவாங்க? என்ன நடந்துதுன்னு உனக்குத் தெரியாதா?"

"வயித்துல நாலு ஓட்டை போட்டு, ஒண்ணுல கேமரா உடுவாங்க பெரியப்பா. டாக்டர் வயித்தப் பாக்க மாட்டாரு. எதுத்தாப்புல ஒரு திரை இருக்கும், அதப் பாத்துத்தான்..."

"டிவியப் பாத்துக்கிட்டா அறுத்தாங்க?"

"டிவி இல்லீங்க பெரியப்பா. மானிட்டர். அதுல நெறம் சரியா..."

"கண்ணுக்கு முன்னால வயிறு கெடக்குது, அத உட்டுப்போட்டு டிவியப் பாப்பாங்களாமா!" பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "கேட்டயா இந்த அநியாயத்த?" பேச்சு அங்கிருந்து டிவி, செல்போன், இந்தக் காலத்துப் படிப்பு என்று வேறெங்கோ போய்விட்டது. சபரிநாதன் பாதியில் நின்ற வாக்கியத்தோடு எழுந்துகொண்டான்.

முழுவதும் சொன்னாலும் யாருக்குப் புரியும்? அவன் மெஷின்கள் பார்த்துவந்த அந்தச் சேலம் மருத்துவமனையில் இரண்டு ஆபரேஷன் தியேட்டர்கள். முதலாவதில் போன வருடம் வாங்கிய புதுத் திரை; ஒரு நூல் கனத்து நரம்புகூடத் தனியாகத் தெரியும். இரண்டாவதில் ஒன்பது வருடத்துப் பழைய திரை. உள்விளக்குகள் மங்கி, மஞ்சளும் சிவப்பும் ஒரே மண்நிறமாகிவிட்டன. மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அவன் இரண்டு முறை எழுதிக்கொடுத்தான். "இப்போதைக்கு ஏதாவது பண்ணிக் குடுங்க" என்றார் மேலாளர் தீனதயாளன், இரண்டு முறையும். கடைசியில் அவனும் பண்ணிக்கொடுத்தான். வெளிச்சத்தைக் கூட்டினான், நிறங்களை அழுத்தமாக்கினான். படம் பார்வைக்குப் பளிச்சென்று ஆனது; மஞ்சளும் சிவப்பும் பிரிந்துவிடவில்லை. அறிக்கையில், 'நல்ல முறையில் இயங்குகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த வாரம் அக்காவுக்குத் தேதி குறித்தபோது, அவனே டாக்டரைக் கூப்பிட்டு, "முதல் தியேட்டர்லயே பண்ணிருங்க சார்" என்று சொல்லியிருந்தான். சரி என்றிருந்தார். ஆபரேஷன் அன்று காலை ஓமலூரில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் மெஷின் நின்றுபோய், அவன் அங்கே போகவேண்டியதாகிவிட்டது. எந்தத் தியேட்டர் என்று கேட்கப் பத்து மணிக்கு நர்ஸ் சித்ராவுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. வேலையில் இருப்பாள் என்று விட்டுவிட்டான்.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. மாலையோடு இறங்கினார், அக்காவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் இளவழகன். நாலு பேர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறாற்போல் கேட்பார்கள் என்று சபரிநாதன் எதிர்பார்த்தான். ஆனால் கூட்டம் விலகி வழிவிட்டது. ஒருவர் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். அக்காவின் கணவர் குமாரசாமி, மொட்டை வெயிலில் வெறும் காலோடு ஓடிவந்து கும்பிட்டார்.

"இத்தன தூரம் வந்தீங்களே, அதுவே பெருசுங்க," என்றார்.

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பியவரின் கண், சபரிநாதனைத் தேடிப் பிடித்தது.

இருவரும் கோழித்தீவன மூட்டைகள் அடுக்கியிருந்த கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

"முதல் தியேட்டர்னு சொன்னீங்களே சார்."

"காலைல குடல் வெடிச்ச கேஸ் ஒண்ணு வந்துருச்சு சபரி. அங்க எடுக்க வேண்டியதாப் போச்சு. அக்காகிட்ட நாளைக்கு வெச்சுக்கலாமான்னு நானே கேட்டேன். இன்னைக்கே முடிச்சிருங்க, பண்ணைல ஆளில்லைன்னாங்க."

"அந்தத் திரைல பண்ணலாமா சார்? மஞ்சளும் செவப்பும் ஒண்ணாத் தெரியற திரைல பித்தக் கொழாய எப்பிடிக் கண்டுபிடிப்பீங்க? சின்னக் கொழாய அறுக்கறதுக்குப் பதிலா, ஈரல்ல இருந்து வர்ற பெரிய கொழாயவே அறுத்துட்டீங்கல்ல?" குரல் உயர்ந்துவிட்டது. கொட்டகை ஓரத்தில் கை கழுவிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்பு என் கைதான். நான் இல்லன்னு சொல்ல வரல. ஆனா ஒண்ணு சொல்லணும், உங்ககிட்ட மட்டும்தான் சொல்ல முடியும். அந்தத் திரை மங்கலா இருந்த வரைக்கும் எனக்குச் சந்தேகம் வரும். வந்தா நிறுத்திருவேன். போன மாசம் ரெண்டு பேருக்கு வயித்தத் திறந்தே பண்ணேன், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அக்காவுக்கு எனக்குச் சந்தேகமே வரல. அவ்வளவு தெளிவா இருந்துச்சு."

தீவனத்தின் புளிப்பு வாசம் சபரிநாதனின் மூக்கில் ஏறியது.

"நீங்க சரி பண்ணிட்டீங்கன்னுதான் நெனச்சேன்," என்றார் டாக்டர்.

அவர் போன பிறகும் அவன் அங்கேயே நின்றான். யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கைக்கு எட்டியது தீவன மூட்டைதான். பிறகு செல்போனை எடுத்து மேலாளர் தீனதயாளனை அழைத்தான்.

"சார், நாளைக்கு ரெண்டாம் தியேட்டர்ல கேஸ் இருக்குதுங்களா?"

"மூணு இருக்குதுங்க. நீங்க இன்னைக்கு எதுக்கு இதெல்லாம்? துக்கத்துல இருக்கீங்க, அப்பறம் பேசிக்கலாம்."

"அந்த மானிட்டர நிறுத்துங்க சார்."

"நீங்கதானே சபரி கையெழுத்துப் போட்டீங்க? நல்ல முறையில் இயங்குகிறதுன்னு உங்க எழுத்துதான் ஃபைல்ல இருக்குது."

"அது தப்புங்க சார்."

"தப்புன்னா எழுத்துல குடுங்க. வாய்ல சொன்னா நான் எப்பிடி நிறுத்தறது?"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அங்கேயே நின்று கட்டைவிரலால் தட்டினான்: 'இரண்டாம் தியேட்டர் திரை அறுவை சிகிச்சைக்குத் தகுதியற்றது. என் முந்தைய அறிக்கை தவறானது. – சபரிநாதன்.' அனுப்பினான். டாக்டருக்கும் அனுப்பினான். டாக்டரிடமிருந்து உடனே பதில் வந்தது: 'நான் அங்கே கேஸ் எடுக்க மாட்டேன். மற்றவர்களிடமும் சொல்கிறேன்.' மேலாளர் பார்த்துவிட்டார் என்பது தெரிந்தது. பதில் இல்லை.

"பொறந்த ஊட்டுக் கோடிச் சேல எங்கப்பா? நேரமாச்சு, தம்பியக் கூப்புடுங்க!"

ஓடினான். குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். மடிப்புக் கலையாத அரக்கு நிறச் சேலையை யாரோ அவன் கையில் கொடுத்தார்கள். அதை அக்காவின் மேல் போர்த்தும்போது, ஒரு ஓரம் அவள் வயிற்றருகே மடங்கி நின்றது. நேராக்கக் குனிந்தவன் கையை எடுத்துக்கொண்டான். கனிஷ்காதான், அக்காவின் மகள், பன்னிரண்டாவது படிக்கிறவள், முன்னால் வந்து அதை இழுத்துச் சரிசெய்தாள். அழுது அழுது அவள் முகம் தடித்திருந்தது.

"மாமா, அம்மாவுக்கு வலிச்சிருக்குமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்ல கண்ணு," என்றான். அதுவும் அவனுக்குத் தெரியாது.

மயானத்திலிருந்து திரும்பிக் குளித்தபோது மணி நாலரை. வந்தவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். குமாரசாமியைக் காணவில்லை. பண்ணையாட்கள் எல்லோரும் சாவுக்கு வந்துவிட்டதால், காலையிலிருந்து முட்டை எடுக்கப்படவில்லை. சபரிநாதன் கோழிக்கொட்டகைக்குப் போனான்.

ஈரத்துண்டோடு குமாரசாமி வரிசை வரிசையாக முட்டை எடுத்து அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தார். கூண்டுகளின் முன் சரிவில் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஐந்தாயிரம் கோழிகளின் சத்தம்.

"மச்சான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

அவர் நிமிரவில்லை. அவன் சொன்னான். திரை மங்கியதை, மாற்றச் சொல்லி எழுதியதை, மாற்றாமல் விட்டதை, தான் அதைப் பளிச்சென்று ஆக்கியதை, கையெழுத்தை, முதல் தியேட்டரில் செய்யுங்கள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டதை. கோழிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தியே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. பெரியப்பாவைப்போல் இவரும் நடுவில் ஏதாவது கேட்டு நிறுத்தினால் தேவலை என்றிருந்தது. அவர் நிறுத்தவில்லை. ஒரு அட்டை நிறைந்தது, இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

அவன் முடித்த பிறகும் ஏழெட்டு முட்டை எடுத்துவைத்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"உங்கக்காளுக்கு அந்தத் திரை ஆவாதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்குது."

"ஆமாங்க மச்சான்."

"அப்ப மத்தவியளுக்கு அது போதுமாக்கும்?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்கிறவர் போலக் கேட்டார். சபரிநாதன் வாயைத் திறந்தான். மேலாளர், ஃபைல், இரண்டு முறை எழுதிக்கொடுத்தது, எல்லாம் தொண்டைவரை வந்து நின்றன.

குமாரசாமி ஒரு காலி அட்டையை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"அந்த வரிசைய நீ எடு. பொழுது போயிரும்."

அவன் வாங்கிக்கொண்டான். முதல் கூண்டில் ஆறு முட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்து, கொட்டகையின் கம்பிவலை வழியே சாய்ந்து விழுந்த வெயிலில் பிடித்துத் திருப்பினான். விரிசல் எதுவும் தெரியவில்லை. மறுபடியும் திருப்பிப் பார்த்தான். அட்டையில் வைத்துவிட்டு, அதையே திரும்ப எடுத்துப் பார்த்தான். அந்தப் பக்கம் குமாரசாமி தன் வரிசையை முடித்து அடுத்ததற்குப் போய்விட்டார். சபரிநாதன் இன்னும் முதல் கூண்டருகிலேயே நின்றிருந்தான்.